எண்களால் கட்டிய வேலி: டிராகன் குவெஸ்ட் ஆட்டம் இயங்கும் முறை

'டிராகன் குவெஸ்ட்' 1986 மே 27 அன்று ஜப்பானில் வெளிவந்தது. எனிக்ஸ் நிறுவனம் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலுக்காக வெளியிட்ட வீடியோ கேம் அது. ஒரு நாடு, அதன் ஊர்கள், குகைகள், நாற்பது வகை அரக்கர்கள், ஊராரின் பேச்சு, எட்டு இசைத்துண்டுகள் ஆகிய அனைத்தும் 64 கிலோபைட் கொண்ட ஒரு கார்ட்ரிட்ஜில் அடங்கின. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படம் அதைப்போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். இந்த ஆட்டத்தில் ஏன் ஒரே ஒரு வீரன், ஏன் ஒரு சமயத்தில் ஒரே ஓர் எதிரி, ஏன் பத்தே மந்திரங்கள் என்று கேட்டால், பாதி விடை அந்த 64 கிலோபைட்டில் இருக்கிறது. மறு பாதி, இதுபோன்ற ஆட்டத்தை அதுவரை தொட்டே பார்க்காத சிறுவனும் ஆட வேண்டும் என்று அதை வடிவமைத்தவர் முடிவு செய்ததில் இருக்கிறது.

வடிவமைத்தவர் யூஜி ஹோரி. நிரல் எழுதியவர் சுன்சாஃப்ட் நிறுவனத்தின் கோய்ச்சி நகமுரா. எனிக்ஸ் நடத்திய நிரல் போட்டியில் பரிசு பெற்று இத்துறைக்குள் வந்தவர்கள் இருவரும். அரக்கர்களை வரைந்தவர் 'டிராகன் பால்' படக்கதையின் ஆசிரியர் அகிரா தொரியாமா. இசை கோய்ச்சி சுகியாமாவுடையது. திரைக்கும் விளம்பரங்களுக்கும் இசையமைத்து ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த அவருக்கு அப்போது வயது 55.

பாத்திரமேற்று ஆடும் கணினி ஆட்டங்களுக்கு அமெரிக்காவில் அதற்குள் இரண்டு முன்மாதிரிகள் உருவாகியிருந்தன. 1981இல் வந்த 'விசார்ட்ரி' எதிரியை நேருக்கு நேர் நிறுத்தி, கட்டளை கேட்டு, முறைவைத்துப் போரிடச் செய்தது. அதே ஆண்டு வந்த 'அல்டிமா' நாட்டை மேலிருந்து பார்க்கும் வரைபடமாக விரித்தது. ஹோரி போருக்கு முதலாவதையும் பயணத்துக்கு இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார். ஆனால் அவை விசைப்பலகையில் ஆடப்பட்டவை. ஒவ்வொரு செயலுக்கும் ஓர் எழுத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஃபேமிகாம் கன்ட்ரோலரிலோ ஒரு சிலுவைத் திசைவிசையும் இரண்டு முதன்மைப் பட்டன்களும்தாம். இந்தச் சிக்கலுக்கான தீர்வு ஹோரியின் கைவசம் ஏற்கெனவே இருந்தது. அவருடைய 'போர்ட்டோப்பியா தொடர் கொலை வழக்கு' என்னும் துப்பறியும் ஆட்டம் 1985இல் ஃபேமிகாமுக்கு மாற்றப்பட்டபோது, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் வேலை நீங்கித் திரையில் ஒரு பட்டியல் வந்தது. அந்தப் பட்டியல்தான் டிராகன் குவெஸ்டின் கறுப்புச் சதுரச் சாளரமாக மாறியது.

ஆட்டம் ராதாதோம் கோட்டையின் அரியணை அறையில் தொடங்குகிறது. வீரன் அரசன் முன்னே நிற்கிறான். ரியூவோ என்னும் டிராகன் வேந்தன் ஒளி உருண்டையைக் கவர்ந்துகொண்டான், அதை மீட்க வேண்டும் என்று அரசன் சொல்கிறான். கதை அவ்வளவுதான். அதன் பிறகு நடப்பதுதான் ஆட்டவடிவமைப்பைப் படிப்பவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் இடம். அறையின் கதவு பூட்டியிருக்கிறது. தரையில் மூன்று பெட்டிகள். ஒன்றில் 120 பொற்காசு, ஒன்றில் ஒரு தீப்பந்தம், மூன்றாவதில் ஒரு சாவி. பெட்டியைத் திறந்து எடுக்காமல் சாவி கிடைக்காது. சாவி இல்லாமல் கதவு திறக்காது. கதவைத் தாண்டினால் படிக்கட்டு. எடு, கதவு, படி என்ற மூன்று கட்டளைகளையும் ஒருமுறையேனும் கையாளாதவன் அந்த அறையைவிட்டு வெளியேற முடியாது. அங்கே கடிகாரம் இல்லை, எதிரி இல்லை, தவறு செய்தால் தண்டனையும் இல்லை. கையேட்டைப் புரட்டாத பிள்ளைக்கு அந்த அறையே கையேடு.

கட்டளைகள் மொத்தம் எட்டு: பேசு, மந்திரம், வலிமை, பொருள், படி, கதவு, தேடு, எடு. படிக்கட்டின் மேல் நின்ற பிறகும் பட்டியலைத் திறந்து 'படி' என்று தேர்ந்தால்தான் வீரன் இறங்குவான். இதைவிடத் தொல்லை தருவது 'பேசு'. ஜப்பானிய மூலத்தில் வீரனின் உருவம் எப்போதும் ஆட்டக்காரரைப் பார்த்தபடியே நிற்கும்; பக்கவாட்டில் நடந்தாலும் நண்டுபோல முகம் மாறாமல் நகரும். அவன் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று ஆட்டத்துக்கே தெரியாததால், பேசும்போது வடக்கா, தெற்கா, கிழக்கா, மேற்கா என்று அது ஒவ்வொரு முறையும் கேட்கும். இட நெருக்கடி வாங்கிய கட்டணம் இது. எளிமை என்று இதைப் புகழ வழியில்லை. பின்வந்த பாகங்கள் இரண்டையும் கைவிட்டன.

கோட்டைக்கு வெளியே அலெப்கார்ட் நாடு விரிகிறது. பக்கத்துக்கு 120 கட்டங்கள் கொண்ட சதுர வரைபடம். புல்வெளி, காடு, குன்று, மணல், நச்சுச் சதுப்பு, கடல். வெளியே வந்து சில அடி வைப்பதற்குள் நீருக்கு அப்பால் ஒரு கோட்டை தெரிகிறது. அது ரியூவோவின் இருப்பிடம். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி எங்கோ அரக்கனின் உயிர் இருக்கும் என்று சொல்லும் நம் பாட்டிக் கதைகளின் போக்குக்கு இது நேர் எதிர். சேர வேண்டிய இடம் முதல் நிமிடத்திலேயே கண்ணில் படுகிறது; நடுவில் கிடப்பது ஒரு சிறு நீர்ப்பரப்பு. அதைக் கடக்க அலெப்கார்ட் முழுவதையும் சுற்றி வர வேண்டும்.

அந்தச் சுற்றுப் பயணத்தில் தடைச்சுவர்கள் மிகக் குறைவு. முதல் நிலை வீரன் தடிக்கம்புடன் நெடுந்தூரம் நடந்துபோகலாம், யாரும் மறிப்பதில்லை. ஆனால் நிலம் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் குறிப்பிட்ட அரக்கர்கள் ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள். கோட்டைக்கு அருகில் ஸ்லைம் என்னும் நீலத்துளி. தொலைவு கூடக்கூடப் பேய், மந்திரவாதி, எலும்புக்கூடு, இரும்புக் கவச வீரன், டிராகன். பெரும்பாலும் ஒரு பாலத்தைக் கடந்ததும் எதிரியின் தரம் மாறும். பாலம் தாண்டியவன் இரண்டே அடியில் சாகிறான். அடுத்த முறை பாலத்தைக் கண்டதும் தன் உயிர்ப்புள்ளியைப் பார்க்கிறான். எண்களே இந்த நாட்டின் வேலி. கண்ணுக்குத் தெரியாத அந்த வேலி, வீரன் வளர வளரத் தானாகப் பின்வாங்கும். டிராகன் குவெஸ்டின் மற்ற எல்லா ஏற்பாடுகளும் இந்த ஒன்றைச் சுற்றியே நிற்கின்றன.

போர் முன்னறிவிப்பின்றி வரும். ஒவ்வோர் அடிக்கும் ஆட்டம் உள்ளுக்குள் பகடை உருட்டுகிறது. விழுந்த எண் பாதகமானால் திரையில் அரக்கன் தோன்றுகிறான். காட்டிலும் குன்றிலும் இந்த வாய்ப்பு அதிகம். போர் எப்போதும் ஒருவனுக்கு ஒருவன். தாக்கு, மந்திரம், பொருள், ஓடு என்று நான்கே வழிகள். முறைவைத்து அடிப்பதால் கைவேகத்துக்கு வேலை இல்லை. எவ்வளவு நேரம் யோசித்தாலும் எதிரி காத்திருப்பான். அந்தக் காலத்து ஃபேமிகாம் ஆட்டங்களில் பெரும்பாலானவை விரல் வேகத்தை நம்பியவை. அதில் பின்தங்கிய பிள்ளைக்கு இந்தக் காத்திருப்பு ஒரு பெரிய சலுகை.

அடியின் கணக்கு எளிது. வீரனின் உடல் வலிமையையும் ஆயுதத்தின் எண்ணையும் கூட்ட வேண்டும். எதிரியின் காப்பு எண்ணில் பாதியை அதிலிருந்து கழிக்க வேண்டும். மிஞ்சியதில் கால் பங்குக்கும் அரைப் பங்குக்கும் இடையே ஏதோ ஓர் எண் சேதமாக இறங்கும். தொடக்கத்தில் வீரனின் வலிமை 4 என்று வைத்துக்கொள்வோம். 10 காசுக்கு விற்கும் மூங்கில் கழியின் எண் 2. அதைக்கொண்டு அடித்தால் ஸ்லைமுக்கு ஓர் அடியில் ஒன்றோ இரண்டோ குறையும். ஸ்லைமின் உயிர் 3 என்பதால் இரண்டு மூன்று அடி தேவை. 180 காசுக்கு விற்கும் செப்பு வாளின் எண் 10. அதே வீரன் அதை வாங்கினால் ஒரே வீச்சில் ஸ்லைம் மடியும். கையில் இருப்பதோ அரசன் கொடுத்த 120. 60 காசில் தண்டாயுதம் வாங்கி மிச்சத்தில் மேலங்கி வாங்குவதா, வெறுங்கையோடு ஸ்லைம்களை அடித்துச் சில்லறை சேர்த்து வாளுக்குக் காத்திருப்பதா? ஆட்டத்தின் முதல் உண்மையான முடிவு போர்க்களத்தில் எடுக்கப்படுவதில்லை. ஆயுதக் கடை வாசலில் எடுக்கப்படுகிறது.

எப்போதாவது ஒருமுறை எதிரியின் காப்பைச் சட்டை செய்யாத பேரடி ஒன்று விழும். அதற்கென்று ஓர் ஒலி உண்டு. எதிரிகளின் நடத்தையிலும் சில நயங்கள் இருக்கின்றன. வீரனின் வலிமை எதிரியின் தாக்கு எண்ணைவிட இரு மடங்காகிவிட்டால், அந்த எதிரி சில வேளை போரிடாமல் ஓடிவிடும். தொடக்கத்தில் உயிரை வாங்கிய ஸ்லைம் இப்போது தன்னைக் கண்டு ஓடுவதைப் பார்ப்பவனுக்கு, தான் வளர்ந்துவிட்டதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வெற்றிக்குக் கூலி பொற்காசும் அனுபவப்புள்ளியும். ஸ்லைம் தருவது ஒரே ஒரு புள்ளி. இரண்டாம் நிலைக்கு 7 புள்ளி போதும், மூன்றாவதற்கு 23, ஐந்தாவதற்கு 110, பத்தாவதற்கு 2000, இருபதாவதற்கு 29,000. உச்சமான முப்பதாம் நிலைக்குத் தேவை 65,535. பதினாறு பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் அதுவே. வீரனின் வளர்ச்சி நிற்கும் இடத்தைக் கதாசிரியர் தீர்மானிக்கவில்லை, எண்முறை தீர்மானித்தது. ஆட்டக்காரர் தன் வீரனுக்குச் சூட்டும் பெயரும் இக்கணக்கில் நுழைகிறது. பெயரின் எழுத்துகளை எண்ணாக்கி, வலிமை வேகமாக வளருமா மந்திரப்புள்ளி வேகமாக வளருமா என்பதை நிரல் நிர்ணயிக்கிறது. பெயரியல் சோதிடரை நம்பாதவர்களும் இந்த நாட்டில் அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும்.

மந்திரங்கள் பத்தும் படிப்படியாக வாய்க்கின்றன. மூன்றாம் நிலையில் காயம் ஆற்றும் ஹோயிமி, நான்கில் நெருப்பு எறியும் கிரா, ஏழில் உறங்கவைக்கும் ரரிஹோ, பத்தில் எதிரியின் மந்திரத்தை அடைக்கும் மஹோடோன். இவற்றைவிட ஆட்டத்தின் போக்கை மாற்றுபவை போருக்கு வெளியே பயன்படும் மந்திரங்கள். பன்னிரண்டாம் நிலையில் வரும் ரிரேமிட்டோ குகையிலிருந்து ஒரு நொடியில் வெளியேற்றும். பதின்மூன்றில் வரும் ரூரா ராதாதோம் கோட்டைக்கே தூக்கிவரும். அதுவரை எந்தக் குகைக்குள் போனாலும், போன வழி திரும்பவும் மூலிகையும் உயிர்ப்புள்ளியும் மிச்சம் வைத்தாக வேண்டும். மூலிகையோ ஆறுக்கு மேல் சுமக்க முடியாது. 'இன்னும் ஓர் அறை பார்க்கலாமா, இப்போதே திரும்பலாமா' என்ற கேள்வி ஒவ்வொரு படிக்கட்டிலும் எழுகிறது.

குகைகள் இருட்டு. தீப்பந்தம் ஏற்றினால் சுற்றிலும் ஒரே ஒரு கட்டம் வெளிச்சம். ஒன்பதாம் நிலையில் வரும் ரெமீரா மந்திரம் அதைவிட அகலமாக ஒளி தரும், பிறகு மெல்ல மெல்லச் சுருங்கும். சுகியாமாவின் குகை இசை ஒவ்வொரு தளம் இறங்கும்போதும் சுருதி தாழ்ந்து, வேகம் குறைந்து ஒலிக்கும். எட்டே இசைத்துண்டுகளுக்கு இடமிருந்த கார்ட்ரிட்ஜில், ஒரே மெட்டைக் கீழிறக்கி ஆழத்தை உணர்த்திய சிக்கனம் இது.

தோற்றால் என்ன ஆகும் என்பதில் ஹோரி காட்டிய பரிவு இந்த ஆட்டத்தின் பரவலுக்கு முக்கியக் காரணம். பரமபதத்தில் பாம்பின் வாயில் விழுந்தால் ஏறிய ஏணியெல்லாம் வீண். விசார்ட்ரியில் செத்த வீரனை உயிர்ப்பிக்கும் முயற்சி தவறினால் அவன் சாம்பலாவான். அதுவும் தவறினால் என்றென்றைக்கும் இல்லாமல் போவான். டிராகன் குவெஸ்டில் செத்த வீரன் அரசன் முன் கண்விழிக்கிறான். அரசன் சற்றே கடிந்துகொள்கிறான். காசில் பாதி போய்விடும். அனுபவம், பொருள், நிலை எதுவும் குறைவதில்லை. பொறுமை மட்டும் இருந்தால் யாரும் இந்த ஆட்டத்தை முடித்துவிடலாம் என்பது இதிலிருந்து கிடைக்கும் உறுதி. இதே பொறுமைதான் ஆட்டத்தின் குறையும் ஆகிறது. பத்தாம் நிலைக்குப் பிறகு அடுத்த படிக்கு ஆயிரக்கணக்கில் புள்ளி தேவைப்படும்போது, புல்வெளியில் முன்னும் பின்னும் நடந்து அதே அரக்கர்களைக் கொல்வது வேலையாகிவிடுகிறது. தப்பியோடும் உலோக ஸ்லைம் ஒன்றை மடக்கிவிட்டால் 115 புள்ளி ஒரேயடியாகக் கிடைக்கும் என்ற ஆசையே அந்த வேலையின் நடுவே கிடைக்கும் விளையாட்டு.

வலிமை சேர்ந்தால் மட்டும் போதாது, செய்தி சேர வேண்டும். ஊர்களில் நிற்பவர்கள் ஆளுக்கொரு வரி பேசுகிறார்கள். ஒருவர் சொல்வது இன்னோர் ஊரில்தான் பொருள்படும். மெருகிடோ என்னும் கோட்டைநகரின் வாயிலில் கல்பூதம் ஒன்று காவல் நிற்கிறது; அதை உறங்கவைக்கும் குழல் மைரா ஊரில் வெந்நீர்க் குளத்துக்குத் தெற்கே புதைந்திருக்கிறது. கராய் ஊரின் கல்லறையிலிருந்து எடுத்த வெள்ளி யாழைக் கொடுத்தால் மழைக்கோல் கிடைக்கும். ராதாதோம் கோட்டையின் அடித்தளத்தில் சூரியக்கல் இருக்கிறது. வீரன் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து கீழே தேட வேண்டும். இவை இரண்டோடு, முன்னோன் ரோத்தோவின் சின்னமும் சேர்ந்தால் வானவில் துளி கிடைக்கும். அந்தத் துளி நீர்ப்பரப்பின் மேல் பாலமாகும். முதல் நிமிடத்தில் கண்ணில் பட்ட கோட்டைக்குக் கடைசியில் வழி திறப்பது அப்படி.

ரோத்தோவின் சின்னத்தைத் தேடும் முறை தனியாகக் குறிப்பிடத் தக்கது. சதுப்புநிலக் குகையில் பச்சை டிராகன் சிறைவைத்திருக்கும் இளவரசி லோராவை வீரன் மீட்டுக் கைகளில் ஏந்தியபடி கோட்டைக்குக் கொண்டுவரலாம். கொண்டுவந்தால் அவள் ஒரு பரிசு தருவாள். வீரன் எங்கே நின்று அதைப் பயன்படுத்தினாலும், கோட்டை எந்தத் திசையில் எத்தனை கட்டம் தள்ளி இருக்கிறது என்று அது சொல்லும். சின்னமோ கோட்டைக்குத் தெற்கே 70, கிழக்கே 40 கட்டத்தில், அடையாளம் ஏதுமில்லாத சதுப்பில் கிடக்கிறது. காதல் பரிசு அளவைக் கருவியாகப் பயன்படும் இடம் இலக்கியத்திலும் அரிது. ஆயினும் இளவரசியை மீட்பது கட்டாயமில்லை. கட்டங்களைத் தானே எண்ணிப் போகிறவன் அவளைக் குகையிலேயே விட்டுவிட்டும் ஆட்டத்தை முடிக்கலாம்.

மூல ஃபேமிகாம் பதிப்பில் சேமிப்பு வசதி கிடையாது. கார்ட்ரிட்ஜில் மின்கலம் இல்லாததால், விட்ட இடத்திலிருந்து தொடர அரசன் ஒரு 'உயிர்ப்பு மந்திரம்' சொல்வான். அது 20 ஹிரகனா எழுத்துகளால் ஆனது. பயன்படும் எழுத்துகள் 64. எழுத்துக்கு 6 பிட் வீதம் 120 பிட், அதாவது 15 பைட். வீரனின் பெயர், அனுபவம், காசு, ஆயுதம், பொருள் எல்லாம் அந்தப் பதினைந்து பைட்டில் அடங்கின. எத்தனையாவது நிலை என்பதை எழுத வேண்டியதில்லை. அனுபவப்புள்ளியிலிருந்தே அதைக் கணக்கிட்டுவிடலாம். திரையில் இந்த எழுத்துகள் 5, 7, 5, 3 எனப் பிரிந்து நிற்கும். ஜப்பானியக் காதுக்கு அது ஹைக்கூவின் அடியமைப்பு, வாலாக மூன்று எழுத்து. பொருளற்ற எழுத்துக்கோவை செய்யுள்போல வாயில் நின்றது. நோட்டில் ஓரெழுத்தைப் பிழையாகக் குறித்தவனுக்கு அது கைகொடுக்காது. பல நாள் உழைப்பு போய்விடும்.

மந்திரத்தைச் சொல்பவன் அரசன் ஒருவனே என்பதால், ஒவ்வொரு பயணமும் ராதாதோமில் தொடங்கி ராதாதோமில் முடிகிறது. ஆட்டத்தின் நடையே அப்படி அமைந்தது: புறப்படு, முன்பைவிடச் சற்றுத் தொலைவு போ, திரும்பு. அடுத்த நிலைக்கு இன்னும் எவ்வளவு அனுபவம் வேண்டும் என்று சொல்வதும் அந்த அரசன்தான்.

1989 ஆகஸ்டில் நின்டெண்டோ இதை வட அமெரிக்காவில் 'டிராகன் வாரியர்' என்ற பெயரில் வெளியிட்டது. இடையில் கழிந்த மூன்று ஆண்டுகளின் பயன் அதில் தெரிகிறது. உருவங்கள் நான்கு திசையும் திரும்பின. பேசும்போது திசை கேட்கும் தொல்லை நீங்கியது. மின்கலச் சேமிப்பு வந்ததால் உயிர்ப்பு மந்திரம் மறைந்தது. பாத்திரங்கள் பழைய செய்யுள் நடை ஆங்கிலத்தில் பேசின. படிக்கட்டுக் கட்டளை மட்டும் அப்படியே தங்கிவிட்டது. ஜப்பானில் 15 லட்சம் பிரதிக்கு மேல் விற்ற ஆட்டம் அங்கே அந்த அளவுக்கு எடுபடவில்லை. நின்டெண்டோ தன் இதழுக்குச் சந்தா கட்டியவர்களுக்குக் கார்ட்ரிட்ஜை இலவசமாகக் கொடுத்தது.

வானவில் பாலத்தைக் கடந்து, பல தளம் இறங்கி, ரோத்தோவின் வாளையும் கண்டெடுத்த பிறகு ரியூவோ எதிரே வருகிறான். போருக்கு முன் அவன் ஒரு கேள்வி கேட்கிறான்: தன்னோடு சேர்ந்தால் உலகில் பாதியைத் தருகிறேன், சம்மதமா? ஆம், இல்லை என்ற இரண்டு விடைகளும் திரையில் தெரியும். 'ஆம்' என்றால் ஆட்டம் உண்மையிலேயே அங்கே முடிந்துவிடும். 'இல்லை' என்றால் முதலில் மந்திரவாதி உருவத்தோடும், அவன் வீழ்ந்ததும் திரையை நிறைக்கும் டிராகன் உருவத்தோடும் போர். இருபதாம் நிலையை ஒட்டிய வீரன் ஆற்றல்மிக்க பெஹோயிமியால் காயத்தை ஆற்றிக்கொண்டு, பொறுமையாக வாள் வீசி வெல்லலாம்.

வென்ற பின் ராதாதோமுக்குத் திரும்ப வேண்டும். வழியில் ஓர் அரக்கனும் வருவதில்லை. அலெப்கார்ட் முழுவதும் நடந்து பார்க்கலாம், விரும்பிய ஊரில் விரும்பியவரோடு பேசலாம். கோட்டையில் அரசன் நாட்டை ஆளும்படி கேட்கிறான். வீரன் மறுத்து, தான் ஆளும் நாடு ஒன்று உண்டென்றால் அதைத் தானே தேடிக்கொள்வதாகச் சொல்லிப் புறப்படுகிறான். அரசன் இம்முறை உயிர்ப்பு மந்திரம் எதையும் சொல்வதில்லை.